வறுமை வீதியின் வாத்தியார்

(வெள்ளித்திரையில் குதிரை வீரர்கள்: அத்தியாயம் 9)

வில்லியம் ஹார்ட் 1925ஆம் ஆண்டில் 'டம்பிள்வீட்ஸ்' என்னும் படத்தோடு திரையுலகிலிருந்து விடைபெற்றுக் குதிரையை விட்டு இறங்கிய இடத்தில் சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். ஹார்ட்டின் குதிரைக்கு ஃப்ரிட்ஸ் என்றும், மற்றொரு குதிரைப்பட நாயகரான டாம் மிக்ஸின் குதிரைக்கு டோனி என்றும் பெயர் என்பது அக்காலத்து அமெரிக்கச் சிறுவர்களுக்குப் பாடமாகவே இருந்தது. குதிரைகளுக்குக்கூட அத்தகைய கீர்த்தி வாய்த்த ஒரு துறையில், கால் நூற்றாண்டுக் காலம் இடைவிடாமல் உழைத்து, குறும்படங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை இயக்கிய ஒரு மனிதரின் பெயர் இன்று சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்டோரன்றி மற்றவர் அறியாத பெயராகிவிட்டது. ராபர்ட் நார்த் பிராட்பரி என்பது அவர் பெயர். அவருடைய வரலாறு ஒரு தனிமனிதரின் வரலாறாக மட்டும் இராமல், சொற்ப மூலதனத்தில் படம் எடுத்த ஒரு கூட்டத்தார் அந்தச் சொற்பத்தையே எவ்வாறு ஒரு கலை இலக்கணமாக மாற்றிக் கொண்டனர் என்பதன் வரலாறுமாக இருப்பதால், இந்த அத்தியாயம் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறோம்.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில், கோதுமை வயல்கள் சூழ்ந்த வாலா வாலா என்னும் ஊரில், 1886ஆம் ஆண்டு பிராட்பரி பிறந்தார். வாலிபப் பருவத்தில் அவர் நாடக மேடைக்குச் சென்றார். ஆடல், பாடல், விகடம், வித்தைகள் எல்லாவற்றையும் ஒரே இரவில் கலந்து கொடுக்கும் 'வோடவில்' என்னும் மேடைக் கேளிக்கை அந்நாளில் ஊர் ஊராகச் சென்று கொண்டிருந்தது. பிராட்பரியின் குடும்பமும் அந்த யாத்திரையில் சேர்ந்ததாகவே இருந்தது. 1907ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் அவருக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தனர். ஒருவன் பில், மற்றவன் பாப். மூட்டை முடிச்சுகளோடு ஊர் சுற்றுவதையே வாழ்க்கையாகக் கொண்டிருந்த அக்குடும்பம், பிள்ளைகள் சற்று வளர்ந்தபின், சினிமா என்னும் புதுத் தொழில் செழித்துக் கொண்டிருந்த கலிபோர்னியாவில் வந்து நிலைகொண்டது. 1918ஆம் ஆண்டளவில் பிராட்பரி டைரக்டராகிவிட்டார்.

அவர் முதன்முதலில் கண்டுபிடித்த கதாநாயகர்கள் அவருடைய வீட்டிலேயே இருந்தனர். 1920ஆம் ஆண்டில் தம் இரட்டைப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு காட்டுக்குச் சென்று, அவர்கள் பொறி வைத்து விலங்குகளைப் பிடிப்பதையும், தடம் பார்த்துச் செல்வதையும் படமெடுத்து, 'பில் அண்டு பாப் சாகசங்கள்' என்னும் குறும்பட வரிசையாக வெளியிட்டார். நடிகருக்குச் சம்பளம் இல்லை. அரங்க அமைப்புக்குச் செலவு இல்லை. காடும் ஆறும் கடவுள் அமைத்தவை. வெளிச்சம் சூரியன் கொடுத்தது. பிற்காலத்தில் அவர் கையாளவிருந்த சிக்கன சாஸ்திரம் முழுவதும் இந்தச் சிறுவர் படங்களிலேயே வித்தாக அடங்கியிருந்தது என்று சொல்லலாம்.

அதன்பின் சன்செட் என்ற சிறு கம்பெனிக்காக, 1926ஆம் ஆண்டில், அமெரிக்க எல்லைப்புறச் சரித்திரத்தைத் தழுவிய படங்கள் சிலவற்றை அவர் இயக்கினார். அலமோ கோட்டையின் வீழ்ச்சியையும், அதில் மாண்ட டேவி கிராக்கெட்டையும் பற்றியது ஒன்று. டேனியல் பூன் வனாந்தரத்தை ஊடுருவிச் சென்றதைப் பற்றியது மற்றொன்று.  பெரிய கம்பெனிகள் ஆயிரம் பேரை நிறுத்தி எடுக்க வேண்டிய யுத்தங்களை, கையில் அகப்பட்ட சிலரைக் கொண்டு பிராட்பரி நடத்தி முடித்தார். அலமோ படத்தில் வாலிபனாகிவிட்ட பாப்பும் ஒரு வேடம் பூண்டான்.

மறு ஆண்டு அந்த வாலிபனுக்கு யோகம் அடித்தது. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக விளங்கிய கென்னடியின் தந்தை ஜோசப் கென்னடி அப்பொழுது எஃப்.பி.ஓ. என்னும் படக் கம்பெனியை விலைக்கு வாங்கி நடத்தி வந்தார். அந்தக் கம்பெனி பாப் பிராட்பரியைக் கதாநாயகனாக ஒப்பந்தம் செய்து, 'பாப் ஸ்டீல்' என்று புதுப் பெயர் சூட்டியது. எஃகு என்று பொருள்படும் அப்பெயருக்கேற்ப, உயரத்தில் குறைந்தவனாயினும் சண்டையிலும் குதிரையேற்றத்திலும் மின்னல்போல் துடிப்புள்ளவனாக இருந்த அவன் 1927ஆம் ஆண்டில் நடித்த 'தி மொஹாவி கிட்' என்னும் படத்தை இயக்கியவர் தந்தையே. நாடகக் குடும்பங்களில் தகப்பன் பிள்ளைக்கு வேடம் கட்டிவிடுவது புதிதன்று. ஆனால் கட்டிவிட்ட வேடம் பிள்ளைக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சோறு போட்டது அபூர்வமே.

இந்தச் சமயத்தில்தான் மௌனப் படங்களின் யுகம் முடிந்து பேசும் படம் வந்தது. ஒலிப்பதிவுக் கருவிகள் கனமானவை. காற்றும் குளம்போசையும் கலந்த வெட்டவெளியில் பேச்சைப் பதிவு செய்வது கடினம். ஆகவே குதிரைப் படங்களுக்கு இனி எதிர்காலம் இல்லை என்று பலர் கருதினர். பெரிய கம்பெனிகள் அவற்றை ஓரளவு கைவிட்டபோது, அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டவர்கள் சிறு முதலாளிகள். ஹாலிவுட்டில் கோவர் தெருவை ஒட்டிய பகுதியில் வாடகைக் காமிராக்களும் வாடகைக் கொட்டகைகளுமாகத் தொழில் நடத்திய இவர்களது கூட்டத்துக்கு 'வறுமை வீதி' என்ற பரிகாசப் பெயர் வழங்கிற்று.

அவர்களுடைய வியாபார முறையை அறிந்து கொண்டாலன்றி அவர்களுடைய படங்களின் தன்மை விளங்காது. 1929ஆம் ஆண்டுக்குப் பின் நாடெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தபோது, ஜனங்களைக் கொட்டகைக்கு இழுக்கும் பொருட்டு, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் பரவிற்று. முதல் படம் பெரிய கம்பெனியினுடையது. வசூலில் இத்தனை விகிதம் என்று அதற்குப் பங்கு உண்டு. துணைப் படத்துக்கோ வசூல் எவ்வளவானாலும் நிர்ணயமான ஒரு சிறு வாடகை மட்டுமே. ஒவ்வொரு மாநிலத்து வினியோகஸ்தருக்கும் தனித்தனியே உரிமையை விற்றுவிடும் சிறு தயாரிப்பாளர், படம் எடுக்கத் தொடங்குமுன்பே அது எவ்வளவு கொண்டுவரும் என்பதை ஏறக்குறையக் கணக்கிட்டுவிட முடியும். அதற்குமேல் ஒரு காசு கூடுதலாகச் செலவழித்தால் அது கைநஷ்டமே. படம் நன்றாக இருந்தால் அதிகம் வரும் என்ற ஆசைக்கு இடமே இல்லாத அந்த வியாபாரத்தில், விரலுக்குத் தக்க வீக்கம் என்பதே முதல் விதி. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு, அதே சமயத்தில் சனிக்கிழமைப் பகற்காட்சிக்கு வரும் சிறுவர்கள் கைகொட்டி ஆரவாரிக்கும்படியும் படம் எடுப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். பிராட்பரியிடம் அது பூரணமாக இருந்தது.

1931ஆம் ஆண்டில் தோன்றிய மோனோகிராம் என்ற கம்பெனி வறுமை வீதியில் ஓரளவு கௌரவமானது. அதன் ஆதரவில் பால் மால்வர்ன் என்ற தயாரிப்பாளர் 'லோன் ஸ்டார்' என்ற முத்திரையோடு 1933ஆம் ஆண்டு தொடங்கி 1935 வரையில் பதினாறு படங்களை வெளியிட்டார். பதினாறிலும் கதாநாயகன் ஜான் வேய்ன். பதினொன்றின் டைரக்டர் பிராட்பரி.

வேய்னின் அப்போதைய நிலைமை பரிதாபமானது. 1930ஆம் ஆண்டில் ராவுல் வால்ஷ் இயக்கிய 'தி பிக் டிரெயில்' என்னும் பிரம்மாண்டமான படத்தில் கதாநாயகனாக அறிமுகமானவர் அவர். அந்தப் படத்துக்கு வேண்டிய அகலத் திரையை வாங்கக் கொட்டகைக்காரர்களுக்குப் பணம் இல்லாமற் போகவே, படம் தோற்றது; அதனோடு வேய்னும் சிகரத்திலிருந்து நேரே பள்ளத்தில் விழுந்து, தொடர்படங்களிலும் துக்கடாப் படங்களிலும் காலத்தை ஓட்டிக் கொண்டிருந்தார். அவரைப் பிராட்பரிக்கு எவரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸை அடுத்த கிளெண்டேல் என்னும் ஊரில், மேரியன் மாரிசன் என்ற இயற்பெயரோடு அந்தப் பையன் வளர்ந்து கொண்டிருந்த நாளிலேயே, பிராட்பரியின் பிள்ளைகளுக்கு அவன் தோழன்.

லோன் ஸ்டாரின் முதல் படம் 'ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி', 1933ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. கதையும் இயக்கமும் பிராட்பரி. ஒரு வறண்ட பள்ளத்தாக்கில் தண்ணீர் முழுவதையும் தன் பிடியில் வைத்துக் கொண்டு, ஏழைப் பண்ணைக்காரர்களை நசுக்கி நிலத்தைப் பறிக்க முனையும் தனவந்தன் ஒருவனை, பாடகனைப்போல் வேடமிட்டு வரும் அரசாங்க அதிகாரி தந்திரத்தால் வீழ்த்துகிறான். நீருக்கான வழக்கு கலிபோர்னியாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கற்பனை அன்று, அன்றாடப் பிரச்சினை. துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தவனை நோக்கி, ஆளரவமற்ற தெருவில், கதாநாயகன் ஒரு மரணப் பாட்டை மெல்லப் பாடிக்கொண்டே அடிமேல் அடி வைத்து நடந்து வரும் காட்சி இன்றைக்கும் உடம்பைச் சிலிர்க்கச் செய்வது. பாட்டு இரவல் குரல். அக்குரல் பிராட்பரியின் இன்னொரு பிள்ளையான பில்லினுடையது என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். பாடும் கௌபாய் என்னும் வேடம் வேய்னுக்கு ஒவ்வாததாயிற்று. ஆயினும் ஜீன் ஆட்ரி புகழ்பெறுவதற்கு முன்பே பாடும் கௌபாயைத் திரையில் நடக்கவிட்டுப் பார்த்தவர்களுள் பிராட்பரியும் ஒருவர் என்பது குறிக்கத் தக்கது.

இப்படங்கள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடுபவை. ஏறக்குறைய ஒரு வாரத்தில், பத்துப் பதினையாயிரம் டாலர் என்ற அளவில் முடிக்கப்பட்டவை. 1934ஆம் ஆண்டில் மட்டும் வேய்னை வைத்து பிராட்பரி இயக்கியவை ஏழு வெளிவந்தன. அதே காலத்தில் சுப்ரீம் என்ற வேறொரு சிறு கம்பெனிக்காகத் தம் மகன் பாப் ஸ்டீலைக் கதாநாயகனாகக் கொண்டும் படங்களை அவர் எடுத்துக் கொண்டிருந்தார். ஒரு கம்பெனியில் மகனின் தோழன், மறு கம்பெனியில் மகன் என்று இவ்வாறு இரண்டு ஏர் பூட்டி உழுத மனிதருக்கு ஆலோசித்து நிற்க அவகாசம் ஏது?

அவகாசம் இல்லாமையே அவருடைய பாணியை வகுத்தது. கதாநாயகன் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்வதை விஸ்தாரமாகக் காட்டப் பிலிம் இல்லை. காட்டாமலே விட்டால் சிறுவர்களுக்குப் புரியாது. ஆகவே குதிரை புறப்பட்டவுடன் காமிராவைச் சடாரென்று பக்கவாட்டில் சுழற்றி, காட்சி மங்கலான கோடுகளாக ஓடி மறைய, அந்த மங்கலினூடே அடுத்த இடத்தில் குதிரை வந்து கொண்டிருப்பதாக இணைத்துவிடுவார். பத்து மைல் ஒரு நொடியில் கடந்துவிடும். பின்னணி இசைக்குப் பணம் இல்லாமையால், துரத்தல் காட்சிகளில் குளம்போசையும் துப்பாக்கி வெடியும் மூச்சிரைப்பும் மட்டுமே கேட்கும். அந்த மௌனத்துக்கு ஒரு தனிப் பயங்கரம் உண்டு. 'தி மேன் ஃப்ரம் யூட்டா' என்னும் படத்தில் ரோடியோ என்ற குதிரையடக்கும் பந்தயத்தின் அசல் காட்சிகளை வாங்கிச் சேர்த்து, ஜனத்திரளைச் செலவில்லாமல் சம்பாதித்துக் கொண்டார். அரங்கத்தில் மிச்சம் பிடித்ததை வெட்டவெளியில் தாராளமாகச் செலவிட்டார். கெர்ன் நதிக் கரையும், நியூஹாலை அடுத்த குன்றுகளும், சியரா நெவாடா மலையின் ஏரிகளும், வாடகை கேளாத அரங்கங்களாக அவர் படங்களில் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பதிவு செய்த காமிராக்காரர் ஆர்ச்சி ஸ்டௌட். மேகமும் பாறையும் அவர் கண்ணில் பட்டால் போதும், ஏழைப் படம் பணக்காரப் படமாகிவிடும்.

இக்குழுவின் மற்றொரு தூண் யாக்கிமா கானட். பிராட்பரி பிறந்த அதே வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பிறந்து, ரோடியோ பந்தயங்களில் பட்டம் பெற்றுச் சினிமாவுக்கு வந்த அவர், இப்படங்களில் வில்லனாக வருவார். அடுத்த காட்சியில் வேய்னுக்கு 'டூப்' போடுவார். ஆகவே சில சந்தர்ப்பங்களில் தம்மைத் தாமே துரத்திக் கொண்டார் என்று சொன்னாலும் பொருந்தும். 'தி லக்கி டெக்ஸன்' படத்தில் ஒரு மரக்கிளையின் மேல் நின்று, மலைச்சரிவில் பாயும் நீர்க்கால்வாயில் வழுக்கிக் கொண்டு இறங்கி எதிரியை மறிக்கும் காட்சியைக் கண்டவர் மறக்க மாட்டார்.

அதுவரையில் திரைச் சண்டை என்பது ஒருவர் தோளில் மற்றவர் ஓங்கி ஓங்கிக் குத்துவதாகவே இருந்தது. பார்ப்பவருக்கு விறுவிறுப்பும் இல்லை, வாங்குபவருக்கு வலி மட்டும் மிச்சம். லோன் ஸ்டார் குழுவார் இதற்கு ஒரு யுக்தி கண்டனர். குத்து எதிரியின் தாடையை ஒட்டிக் காற்றில் கடந்து செல்லும். எதிரி தலையை உரிய கணத்தில் பின்னுக்கு வெட்டுவார். ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து காமிரா பார்க்கும்போது கைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள வெளி மறைந்துபோய், குத்து விழுந்ததாகவே தோன்றும். இதைக் கண்டுபிடித்த பெருமையைக் கானட்டுக்கும் வேய்னுக்கும் கொடுப்பதே வழக்கம். பிராட்பரிக்கும் பங்கு கொடுப்போர் உண்டு. குத்து எங்கே விழுகிறது என்பதைவிடக் காமிரா எங்கே நிற்கிறது என்பதே இந்த வித்தையின் உயிர்நிலை. காமிராவை நிறுத்தும் அதிகாரம் டைரக்டருடையது என்பதை யோசித்தால், மூன்றாம் கட்சியும் நியாயமாகவே படுகிறது. இன்று உலகெங்கும் சண்டைப் பயிற்சியாளர்கள் முதற் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது இதுவே.

பிராட்பரியின் கதைகளை வரிசையாகப் பார்ப்பவருக்கு ஒரு விசித்திரம் தென்படும். 'வெஸ்ட் ஆஃப் தி டிவைட்' படத்தில் தந்தையைக் கொன்றவனையும் காணாமற்போன தம்பியையும் தேடி வருகிறான் கதாநாயகன். 'வெஸ்ட்வர்ட் ஹோ' படத்தில் பெற்றோரைக் கொள்ளையர் கொல்ல, கவர்ந்து செல்லப்பட்ட தம்பி கொள்ளையனாகவே வளர்ந்து, அண்ணனுக்கு எதிரில் வந்து நிற்கிறான். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்னும் இந்தக் கரு அவருடைய படங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. அவசரத்தில் எழுதுபவர் பழைய கதையையே திருப்பி எழுதுவார் என்பது ஒரு சமாதானம், அது உண்மையுங்கூட. ஆயினும், தம் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துச் சென்று காமிராவின்முன் நிறுத்தி, பெரியவனானதும் குதிரையில் ஏற்றிவிட்டு, படத்துக்குப் படம் தாமே கடிவாளத்தைப் பிடித்து நடத்திய ஒரு தகப்பன், தகப்பனில்லாத பிள்ளையின் கதையை இத்தனை முறை சொல்லியிருப்பது வெறும் யதேச்சை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

1935ஆம் ஆண்டில், பிலிம் கழுவும் தொழிற்சாலை நடத்திய ஹெர்பெர்ட் யேட்ஸ் என்பவர் மோனோகிராமையும் வேறு சில சிறு கம்பெனிகளையும் ஒன்றாக இணைத்து 'ரிபப்ளிக்' என்ற ஸ்தாபனத்தை நிறுவினார். அதன் முதல் வெளியீடான 'வெஸ்ட்வர்ட் ஹோ'வும், பின்னர் 'லாலெஸ் ரேஞ்ச்' படமும் பிராட்பரி இயக்கியவை. அவற்றோடு வேய்னுக்கும் அவருக்கும் இருந்த தொழில் உறவு முடிந்தது. 1937ஆம் ஆண்டில் கிராண்ட் நேஷனல் என்ற கம்பெனிக்காகப் பாடகர் டெக்ஸ் ரிட்டரை வைத்து எடுத்த 'டிரபிள் இன் டெக்ஸஸ்' படத்தில் கதாநாயகியாக நடித்த ரீட்டா கான்சினோ என்ற இளம்பெண், சிறிது காலத்துக்குள் ரீட்டா ஹேவொர்த் என்ற பெயரில் உலகப் பிரசித்தி அடைந்தாள். அதே ஆண்டு 'ரைடர்ஸ் ஆஃப் தி டான்' படத்தில், ஓடும் குதிரைகளின் நடுவே விழுந்து, வண்டிக்கு அடியில் புகுந்து பிழைக்கும் வித்தையைக் கானட் செய்து காட்டினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' படத்தில் அதே வித்தையை உலகம் கண்டு வியந்தது. வண்டியின் மேல் வேய்ன் இருந்தார். அந்தப் படமே அவரைப் பள்ளத்திலிருந்து மீண்டும் சிகரத்தில் ஏற்றியது.

நம் நாட்டுப் பழைய நாடகக் கம்பெனிகளில் வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். கதை கட்டுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, யார் எங்கே நிற்பது என்று வகுப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. பெயரும் மாலையும் ராஜபார்ட்டுக்கு. பிராட்பரியின் நிலைமையும் அதுவே. கானட் 1959ஆம் ஆண்டில் 'பென்ஹர்' படத்தின் ரதப் போட்டியை நடத்திக் கொடுத்தார். ஸ்டௌட் 'தி கொயட் மேன்' படத்துக்காக ஆஸ்கர் பரிசில் பங்கு பெற்றார். இப்படங்களில் ஒருநாள் தகப்பனாகவும் ஒருநாள் கயவனாகவும் நடித்துப் பழகிய ஜார்ஜ் ஹேஸ், 'கேபி' என்ற தாடிக்காரத் தோழனாகக் குழந்தைகளின் செல்வமானார். வேய்னைப்பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியாரோ 1941ஆம் ஆண்டில், பக் ஜோன்ஸ், டிம் மெக்காய் என்னும் இரு பழைய வீரர்கள் நடித்த 'ஃபர்பிடன் டிரெயில்ஸ்' படத்தோடு ஒதுங்கி, 1949ஆம் ஆண்டில் கிளெண்டேலில் காலமானார்.

அவர் கண்மூடிய சில வருஷங்களுக்குள் தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்தது. அதற்குத் தீனியாகப் பழைய படங்கள் மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டன. அமெரிக்கச் சட்டப்படி அக்காலத்துப் படங்களின் உரிமையை இருபத்தெட்டு ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த ஏழைப் படங்களில் பலவற்றுக்கு அந்தச் சிறு கட்டணத்தைச் செலுத்தவும் ஒருவரும் முன்வரவில்லை. ஒருவருக்கும் சொந்தமில்லாமற் போனதால் அவை எல்லாருக்கும் சொந்தமாயின. வீடியோ வந்தபோது முதலில் பிரதி எடுக்கப்பட்டவற்றுள் அவை இருந்தன. பூட்டி வைத்துக் காக்கப்பட்ட எத்தனையோ பெரிய படங்கள் நைந்து அழிந்தபோதும், கேட்பாரற்றுக் கிடந்த இவை பிரதிமேல் பிரதியாகப் பெருகிப் பிழைத்துக் கொண்டன. அவற்றை மறுவெளியீடு செய்த சிலர் இசை இல்லாதது ஒரு குறை என்று எண்ணிப் புது இசையைச் சேர்த்தும் பார்த்தனர்.

பாப் ஸ்டீல் கதாநாயக வேஷம் போனபின்பும் சிறு பாத்திரங்களில் நடித்து, 1988ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரியோ பிராவோ' படத்தில், கூலிக்கு அமர்த்தப்பட்ட துப்பாக்கிக்காரர்களுள் ஒருவராக அவரைப் பார்க்கலாம். அவர் எதிர்க்கும் ஷெரீப் ஜான் வேய்ன். கிளெண்டேல் தெருக்களில் ஒன்றாகச் சுற்றித் திரிந்த இரண்டு பையன்களும் ஐம்பது வயதைக் கடந்து ஒரே படத்தில் எதிரெதிர்க் கட்சியில் நிற்கிறார்கள். இருவருக்கும் சண்டை போடச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருவரே.

பாடும் கௌபாய் என்ற வேடத்தை வேய்ன் உதறியெறிந்தபின் அதை எடுத்து அணிந்துகொண்டு, ரிபப்ளிக் கம்பெனியின் பெட்டியை நிரப்பிய ஜீன் ஆட்ரியின் கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.